பதினோரு மழைக்காலமும் ஒரு தகரக் குவளையும்

மிக்சி வாங்கி வரச் சொல்லியிருந்தோம். 2014 ஜூனில் சென்னையிலிருந்து வந்த மைத்துனர், மிக்சி பெட்டியில் அடங்கவில்லை என்று சொல்லிவிட்டு ஒரு பிளாஸ்டிக் மழைமானியை எடுத்து நீட்டினார். என் மனைவி இரண்டு நாள் அண்ணனோடு சரியாகப் பேசவில்லை. அந்த மழைமானியும், பிறகு அதனோடு வந்து சேர்ந்தவையும் பதினோரு மழைக்காலம் எப்படி உழைத்தன என்பதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு சிரியத்தில் இருக்கிறது. இப்போது தான்லியின் என்று எழுதுகிறார்கள்; நம்மவர்களில் பெரியவர்கள் இன்னும் சிரியம் என்றுதான் சொல்கிறார்கள். ரங்கூனிலிருந்து பெகு ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். இரண்டு மாமரம், ஒரு முருங்கை, கறிவேப்பிலை, பர்மியர்கள் சின்பாங் என்று சொல்லும் புளிச்சக்கீரைக்கு ஒரு பாத்தி. இவ்வளவுதான் தோட்டம்.

முதலில் கருவியின் குறை. அதில் 100 மில்லிமீட்டர்வரைதான் கோடு போட்டிருந்தது. சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 1,400 மி.மீ.; ரங்கூனில் சுமார் 2,700. அதிலும் பெரும்பங்கு மே பாதியிலிருந்து அக்டோபர் பாதிக்குள் கொட்டிவிடும். வாங்கிய மறுமாதமே ஒரு காலையில் மழைமானி விளிம்புவரை நிறைந்து நின்றது. எவ்வளவு வழிந்து போனது என்று யாருக்குத் தெரியும்? நோட்டில் "100க்கு மேல்" என்று எழுதினேன். அந்த மாதத்தில் அப்படி மூன்று முறை எழுதினேன். மூன்று "மேல்"களைக் கூட்டி என்ன கணக்குப் போடுவது?

கடைத்தெருவில் தகர வேலை செய்யும் பர்மியர் ஒருவரிடம் போனேன். பத்து அங்குல உயரம், சுவர் மட்டும் கோணாமல் நேராக இருக்க வேண்டும், அடி மட்டமாக இருக்க வேண்டும் என்றேன். அரிசி அளக்கவா என்று கேட்டார். மழை அளக்க என்றதும் கூலியில் பாதியை வாங்க மறுத்துவிட்டார். என் தலைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். பாத்திரத்தின் வாய் அகலமா குறுகலா என்பது பொருட்டே இல்லை. மேலிருந்து அடிவரை ஒரே அகலமாக இருந்தால் உள்ளே நிற்கும் நீரின் ஆழமே மழையின் அளவு. ஸ்டீல் அளவுகோலை உள்ளே விட்டுப் பார்த்தால் முடிந்தது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் மண்ணுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். தூறலுக்குப் பிளாஸ்டிக், பேய்மழைக்குத் தகரம் என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பிளாஸ்டிக் நான்காம் ஆண்டில் மஞ்சளித்து, ஆறாம் ஆண்டு வெயிலில் வெடித்தது. தகரம் இரண்டு முறை ஈயம் வைத்துக்கொண்டு இன்றும் நிற்கிறது.

படிக்கும் நேரம் காலை ஒன்பதரை. மனம்போன நேரத்தில் படித்தால் ஒரு நாள் கணக்கு அடுத்த நாளில் போய் விழும். இங்கே வானிலைத் துறை ஒன்பதரைக்குத்தான் எடுக்கிறது. இந்தியாவில் எட்டரைக்கு எடுக்கிறார்கள். நம் கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடுவதால் இரண்டும் ஒரே கணம். மைத்துனர் மாம்பலத்தில் மொட்டைமாடியில் குனிந்து பார்க்கும் அதே நேரத்தில் நானும் இங்கே குனிகிறேன் என்பதில் எனக்கொரு சின்னச் சந்தோஷம் உண்டு. இடம் தேர்வதில் கவனம் வேண்டும். மரத்தடியிலும் கூரை ஓரத்திலும் வைக்கக் கூடாது. தரையோடு வைத்தால் சேறு தெறிக்கும். முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டையாவது வேண்டும்.

வெப்பமானியில்தான் நான் நன்றாக ஏமாந்தேன். பகலின் உச்சத்தையும் இரவின் நீசத்தையும் காட்டும் இரட்டைக் குழாய் வெப்பமானி அது. சமையலறைப் பக்கச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். அது மேற்குச் சுவர். இரண்டு ஆண்டு அது காட்டியது காற்றின் வெப்பத்தை அல்ல, செங்கல்லின் வெப்பத்தை. வடக்குத் தாழ்வாரத்து நிழலுக்கு மாற்றிய அன்றே உச்சம் நான்கு டிகிரி இறங்கியது. அந்த இரண்டு ஆண்டுப் பக்கங்களில் சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டேன். கோபத்தில் கோடு கொஞ்சம் ஆழமாகவே விழுந்திருக்கிறது. இடையில் ஆசைப்பட்டுத் திரையில் எண் காட்டும் மின்னணுப் பெட்டி ஒன்றும் வாங்கினேன். பதினான்கு மாதத்தில் ஈரம் உள்ளே இறங்கிச் செத்துப்போனது. நாளில் பாதி நேரம் மின்சாரமில்லாத ஊரில் அதைச் சார்ஜ் போடுவதே ஒரு வேலை. வாங்காதீர்கள் என்று கூசாமல் சொல்வேன்.

இனி, நோட்டு என்ன சொல்கிறது என்பதற்கு வருகிறேன்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று என் அப்பா ஓயாமல் சொல்வார். தாத்தா ராமநாதபுரத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்த சொத்துகளில் அதுவும் ஒன்று. ஆடி பிறந்ததும் கத்தரி, வெண்டை, அவரை விதைப்போம். ஒரே வாரத்தில் விதை வேலியோரம் போய் ஒதுங்கிக் கிடக்கும். விதை சரியில்லை என்பார் அப்பா. மண் சரியில்லை என்பார். மூன்று ஆண்டு நோட்டைக் கூட்டிப் பார்த்தபோது, ஆங்கிலக் கணக்கில் ஜூலை, ஆகஸ்ட், அதாவது ஆனி பாதியிலிருந்து ஆவணி பாதிவரை, இங்கே வானம் பொத்துக்கொள்ளும் காலம் என்று எழுத்தில் நின்றது. விதைக்க வேண்டியது ஐப்பசியில், தடிஞ்சு விளக்குத் திருவிழா முடிந்து மண் இறுகும்போது. பழமொழி பொய்யில்லை, அது வேறு மண்ணுக்குச் சொன்னது. அப்பா நோட்டைப் பார்த்தார். "உன் தகரத்துக்கு என்ன தெரியும்" என்றார். ஆனால் அந்த ஐப்பசியில் வெண்டை விதையை ஊறப்போட்டவர் அவர்தான்.

அதே ஐப்பசி இப்போது ஆட்டம் காண்கிறது. 2023 அக்டோபரில் பெகுவில் ஒரே நாளில் 200 மி.மீ. கொட்டியது. இங்கே மழையை அங்குலத்தில் சொல்லித்தான் பழக்கம். ஏறத்தாழ எட்டு அங்குலம். அக்டோபருக்கு ஐம்பத்தொன்பது ஆண்டுகளில் அப்படி இல்லை என்று செய்தி வந்தது. எங்கள் தகரத்தில் அவ்வளவு விழவில்லை. ஆனாலும் புரட்டாசியிலேயே அவசரப்பட்டுப் போட்ட நாற்றங்கால் கரைந்தது. என் கணக்கில் ஆண்டு மொத்தம் பெரிதாகக் கூடவுமில்லை, குறையவுமில்லை. முன்பு பத்து நாளில் பெய்ததை இப்போது மூன்று நாளில் பெய்துவிட்டு வானம் கையைக் கட்டிக்கொள்கிறது. பதினோரு ஆண்டு என்பது பருவநிலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் போதாது, அதற்கு முப்பது ஆண்டாவது வேண்டும் என்று தெரியும். என் நாற்றங்காலுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

தெருமுனையில் ஒரு படௌக் மரம் நிற்கிறது. நம் வேங்கைக்கு நெருங்கிய சொந்தம். பூவைப் பார்த்தாலே தெரியும், அதே பொன் மஞ்சள். கோடையில் முதல் மழை விழுந்த ஓரிரு நாளில் மரம் முழுக்கப் பூத்து, ஒரே நாளில் உதிர்ந்துவிடும். தண்ணீர்த் திருவிழாவான திஞ்சானுக்குப் பெண்கள் தலையில் வைப்பது இந்தப் பூதான். நமக்குச் சித்திரை முதல் நாளும் அதே வாரத்தில் வருவதால், எங்கள் வீட்டுச் சாமி படத்துக்கும் வேப்பம்பூவோடு இதுவும் ஏறும். பூத்த நாளை ஒவ்வொரு ஆண்டும் குறித்துவைக்கிறேன். முதல் நான்கு ஆண்டில் மூன்று முறை திஞ்சான் வாரத்துக்குள் பூத்திருக்கிறது. 2024இல் மழையே எட்டிப் பார்க்கவில்லை. படத்துக்குச் சாமந்தி வாங்கிப் போட்டோம். மரம் மே மாதத்தில், யாரும் கேட்காதபோது, பூத்துக் கொட்டியது.

அந்த 2024 ஏப்ரலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 28ஆம் தேதி மத்திய பர்மாவின் சௌக் நகரத்தில் 48.2 டிகிரி, இந்த நாட்டில் ஏப்ரலில் பதிவானதிலேயே அதிகம். ரங்கூனில் 40. என் தாழ்வாரத்தில் 39.5. ஆனால் என்னைப் பயமுறுத்தியது பகல் எண் அல்ல, இரவு எண். பதினொரு நாள் தொடர்ந்து குறைந்தபட்சம் 28க்குக் கீழே இறங்கவில்லை. கறிவேப்பிலையின் கொழுந்து கருகியது. மாங்காய் கோலிக்குண்டு அளவில் உதிர்ந்தது. குண்டுக்கரிச்சான் ஒன்று அலகைத் திறந்தபடியே தண்ணீர்த் தொட்டி விளிம்பில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து தொட்டிக்குள் ஒரு செங்கல் போட்டு வைக்கிறோம், குருவிகள் நின்று குடிக்க.

எல்லாவற்றையும் வானத்தின் தலையில் போட்டுவிடவும் முடியாது. எங்கள் தோட்டம் முன்பு குளிர்ச்சியாக இருந்தது என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். 2008 மே 2 இரவு நர்கிஸ் புயல் வந்தது. ஐராவதி டெல்டாவில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,38,000 பேர். அந்தக் கணக்கின் முன்னால் மரத்தைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் எங்கள் கொல்லைக்கு மேல் குடை விரித்திருந்த தூங்குமூஞ்சி மரம் அன்று இரவுதான் சாய்ந்தது. விடிந்து பார்த்தபோது, நான் அதுவரை பார்த்திராத அளவு வானம் தெரிந்தது. கொல்லை சூடானதில் பாதி அந்த மரம் போனதால் என்பது என் கணிப்பு.

மின்மினியும் அப்படித்தான். 2016வரை ஜூன் இரவுகளில் வேலியோரம் பத்துப் பதினைந்து என்று நோட்டில் இருக்கிறது. 2019க்குப் பிறகு ஒன்றுமில்லை. பருவம் கெட்டுவிட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தேன். தேதிகளைப் பார்த்தால், பின்வீட்டார் வெள்ளை விளக்குப் போட்டதும் பக்கத்துப் பள்ளத்தைத் தூர்த்ததும் 2018இல். தவளைச் சத்தம் குறைந்ததும் அதே ஆண்டு. வெளிச்சத்தில் மின்மினிக்குத் துணை கிடைக்காது. தண்ணீர் இல்லாமல் தவளைக்கு முட்டையிட இடம் கிடையாது. வானத்தின் மேல் போட்ட வழக்கை நானே வாபஸ் வாங்கினேன்.

போகாமல் இருப்பது தௌதே. வீட்டுச் சுவரிலும் மரப்பொந்திலும் வாழும் பெரிய பல்லி. தன் பெயரைத் தானே கத்தும். 2021 மே மாதம் குஜராத்தைத் தாக்கிய புயலுக்குப் பர்மா கொடுத்த பெயர் இதுதான். தமிழ்ச் செய்தித்தாள்களில் "டவ் தே" என்று படித்துவிட்டு மைத்துனர் என்ன பொருள் என்று தொலைபேசியில் கேட்டார். பல்லி என்றேன். விளையாடாதே என்று வைத்துவிட்டார். புதிதாக வந்திருப்பது நத்தைகொத்தி நாரை. முன்பு வயல் பக்கம்தான் பார்த்திருக்கிறேன். இப்போது ஆடி மாதம் தேங்கிய தண்ணீரில் எங்கள் வேலிக்கு வெளியிலேயே நிற்கிறது.

ஓர் ஒப்பீடும் சொல்ல வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் எண்பது வயதுப் பர்மியப் பாட்டி இருக்கிறார். அப்வா என்று கூப்பிடுவோம். பெரிய மழைக்கு மறுநாள் காலையில், "எவ்வளவு என்று பார்த்தாயா? மூன்று அங்குலம் இருக்கும்" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். அவருக்கு ஏதோ கலை தெரியும் என்று ஆண்டுக்கணக்காக வியந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன், முற்றத்தில் பழைய பிஸ்கெட் டின் ஒன்று வைத்து, உள்ளே விரல் விட்டு அளக்கிறார். எப்போதிருந்து என்று கேட்டேன். "நீ தகரம் வைத்தாயே, அப்போதிருந்து" என்றார்.

ஆக, வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பிளாஸ்டிக் மழைமானி, தூறலுக்குப் போதும், நம் மழைக்குப் போதாது. வெப்பமானி, வடக்கு நிழல் இருந்தால் மட்டும். மின்னணுப் பெட்டி வேண்டாம். நோட்டு, கெட்டி அட்டை போட்டது. பேனா வேண்டாம், ஈரத்தில் மை ஓடும், பென்சில்தான் நிற்கும். என் 2015 ஆகஸ்ட் முழுவதும் ஒரு நீலக் கறை.

தகரத்தின் அடி மீண்டும் கசிகிறது. பங்குனியில் பீலிக்கான் கோயில் தீமிதிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது தகரக்காரரிடம் கொடுக்கலாம் என்று எடுத்துப் போனேன். கடை பூட்டிக் கிடந்தது, மகன் தாய்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்டதாகப் பக்கத்துக் கடையில் சொன்னார்கள். மே மாதத்துக்குள் வேறு ஆள் கிடைக்காவிட்டால் அப்வாவிடம் இன்னொரு பிஸ்கெட் டின் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.