இமாடினிப்: உயிரைக் காத்த மாத்திரையும் விடாத குரக்களியும்

புதிதாக சிஎம்எல் (ஒரு வகை ரத்தப் புற்றுநோய்) என்று தெரியவந்த நண்பர் ஒருவர், "இமாடினிப் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், உங்களுக்கு ஒத்துக்கொண்டதா?" என்று கேட்டார். பல வருடங்களாக தினமும் 400 மில்லிகிராம் போட்டுக்கொள்கிறேன். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

குமட்டல் பெரிய விஷயமில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டு, பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கினால் அடங்கிவிடும். காலையில் கண்ணைச் சுற்றி வீங்கும், போகப்போகப் பழகிவிடும். ஆனால் எடை திடீரென்று ஏறினாலோ மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

எனக்குப் பழகாதது குரக்களிதான். நடுராத்திரியில் கெண்டைக்கால் சதை கல்லாக இறுகி, தோலுக்கு மேலேயே கட்டியாகத் தெரியும். கட்டைவிரல் தானாக மேலே இழுத்துக்கொள்ளும். எழுந்து பாதத்தைத் தரையில் அழுத்தி நின்றால்தான் மெல்ல விடும். மறுநாள் முழுக்க அந்த இடம் வலிக்கும். பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம் எல்லாம் பார்த்தாயிற்று, எல்லாமே சரியாக இருக்கிறது. "இந்த மருந்துக்கு இது சகஜம்" என்கிறார்கள். சகஜம் என்று சொல்லிவிட்டால் தூக்கம் வந்துவிடுமா? படுக்கப்போகும் முன் காலை நீட்டி மடக்குவது கொஞ்சம் உதவுகிறது, அவ்வளவுதான்.

நியாயமாகவும் பேச வேண்டும். 2001-இல் இந்த மாத்திரை வருவதற்கு முன்னால் இன்டர்ஃபெரான் ஊசி, இல்லையென்றால் எலும்பு மஜ்ஜை மாற்று. இமாடினிப்பில் தொடங்கியவர்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில், 10 வருடம் கழித்தும் நூற்றுக்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள். ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று காட்டும் என் பிசிஆர் ரிப்போர்ட்டும் 0.1 சதவீதத்துக்குக் கீழேதான் நிற்கிறது. அதனால் எவ்வளவு எரிச்சல் வந்தாலும் ஒரு வேளையைக்கூட விடுவதில்லை. அடிக்கடி விட்டால் பலன் குறையும், அது உறுதியாகத் தெரிந்த விஷயம். கிரேப்ஃப்ரூட் ஜூஸ் வேண்டாம். மூலிகை மருந்தோ பாராசிட்டமாலோ, எதுவானாலும் டாக்டரைக் கேட்டுத்தான். கர்ப்பமாகத் திட்டமிடும் பெண்கள் அதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வேறு மருந்துக்கு மாறலாமே என்பார்கள். டாசாடினிப்பில் நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கலாம். நிலோடினிப் இதயத் துடிப்பின் தாளத்தைப் பாதிக்கலாம், அதோடு வழக்கமாகத் தினமும் இரண்டு வேளை வெறும் வயிற்றில் போட வேண்டும். எதுவும் சும்மா வருவதில்லை.

நண்பரே, தயங்காமல் ஆரம்பியுங்கள். ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறதா என்று இன்றைக்குக் கேட்டால், நேற்று ராத்திரி பட்ட பாட்டுக்குப் பிறகு, இல்லை என்றுதான் சொல்வேன். அடுத்த ரிப்போர்ட்டும் நன்றாக வந்தால், டோஸைக் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்கப்போகிறேன்.