சீபீ, லேக் பக்கனீர், ஐகான் ஏ5: எந்தக் குறையோடு வாழ முடியும்?

நிலத்திலும் நீரிலும் இறங்கும் சிறு விமானம் தேடுபவர்கள் விளம்பரத் தாளில் முதலில் வேகத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது காலி எடை. படகு வடிவ அடியுடல், பக்க மிதவைகள், மடங்கும் சக்கரங்கள், அவற்றை இயக்கும் கருவிகள் என்று இந்த வகை விமானம் ஆள் ஏறும் முன்பே கூடுதல் பாரம் சுமக்கிறது. அந்தப் பாரத்துக்கு யாராவது விலை கொடுத்தாக வேண்டும். ரிபப்ளிக் சீபீயில் அந்த விலையை இன்ஜின் கொடுக்கிறது, லேக் பக்கனீரில் விமானி கொடுக்கிறார், ஐகான் ஏ5-இல் பயணி கொடுக்கிறார். மூன்றும் அமெரிக்கத் தயாரிப்புகள். மூன்றிலும் ப்ரொப்பெல்லர் பின்னால் இருந்து தள்ளுகிறது. மற்ற எல்லாவற்றிலும் வழி வேறு.

பிறந்த கதை, சுருக்கமாக

சீபீயின் வேர் பெர்சிவல் ஸ்பென்சர் வடிவமைத்த ஏர் கார். அது 1941-இல் பறந்தது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, பி-47 தண்டர்போல்ட் போர்விமானம் செய்துகொண்டிருந்த ரிபப்ளிக் நிறுவனம் அதைக் குடும்ப விமானமாக்க எடுத்துக்கொண்டது. இறக்கைக்குள் இருக்கும் குறுக்குச் சட்டங்களைக் குறைத்து, தகட்டைத் தடிப்பாக்கி, அதிலேயே நெளிவரி அழுத்தி விறைப்பு கொடுத்தார்கள். பாகங்கள் குறைந்தன, வேலை நேரம் குறைந்தது. அப்படியும் 3,500 டாலர் என்று அறிவித்த விலை இரண்டே ஆண்டில் 6,000 டாலரை ஒட்டிப் போனது. 1,060 விமானங்களோடு 1947-இல் உற்பத்தியை நிறுத்தினார்கள்.

லேக்கின் தாய் கொலோனியல் ஸ்கிம்மர். கிரம்மன் விமான நிறுவனத்தில் வேலை பார்த்த டேவிட் தர்ஸ்டன் வரைந்தது. 1948-இல் முதலில் பறந்தது. பிறகு லேக் என்ற பெயரில் எல்ஏ-4 ஆகி, 1970-இல் 200 குதிரைசக்தி லைகமிங் இன்ஜினோடு எல்ஏ-4-200 பக்கனீர் வந்தது. 1980-களில் ஆறு இருக்கை கொண்ட 250 குதிரைசக்தி ரெனிகேட் வந்தாலும், நடைமுறையில் பலரும் தேடுவது பக்கனீரைத்தான்.

ஐகான் 2006-இல் தொடங்கியது. ஏ5 பறந்தது 2008-இல். அமெரிக்காவின் இலகு விளையாட்டு விமான விதி, நீரில் இயங்கும் விமானத்துக்கு 650 கிலோ உச்ச எடை வைத்திருந்தது. சுழல் வீழ்ச்சியை (வேகம் குறைந்து விமானம் சுழன்றபடி விழுவதை) எதிர்க்கும் இறக்கை வடிவமைப்புக்காக 2013-இல் 762 கிலோ வரை விலக்கு கிடைத்தது. கடைசியில் 685 கிலோவில் நின்றார்கள்.

எடைக் கணக்கு

ஒரு குதிரைசக்திக்கு எத்தனை கிலோ என்று பார்த்தால், உச்ச எடையில் சீபீ 6.3 (1,361 கிலோ, 215 குதிரைசக்தி), பக்கனீர் 6.1 (1,220 கிலோ, 200), ஏ5 6.85 (685 கிலோ, 100). காகிதத்தில் ஏ5-தான் மோசம். ஆனால் ‘சக்தி போதாது’ என்ற கெட்ட பெயர் வாங்கியது சீபீ. காரணம், தண்ணீரில் இருந்து கிளம்புவதைத் தீர்மானிப்பது சக்தி மட்டும் இல்லை, எந்த வேகத்தில் இறக்கை எடையைத் தாங்குகிறது என்பதும்தான். ஏ5 நாற்பது நாட் (மணிக்குச் சுமார் 74 கி.மீ.) வேகத்தை ஒட்டியே தாங்கிவிடும். சீபீக்கு அதைவிடப் பத்து நாட்டுக்கு மேல் கூடுதலாக வேண்டும். தண்ணீரின் இழுவை வேகத்தோடு ஏறிக்கொண்டே போகும். அந்தப் பத்து நாட்தான் கடினமான பத்து நாட்.

சீபீயின் டேங்க் 284 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும், சுமார் 204 கிலோ. தயாரிப்பாளர் சொன்ன 885 கிலோ காலி எடையை நம்பினாலும், டேங்க் நிரம்பினால் நான்கு பேருக்கும் பெட்டிக்கும் 270 கிலோ மிச்சம். இன்று பறக்கும் சீபீக்களில் ரேடியோ, புது மெத்தை, பல அடுக்குப் பெயிண்ட் எல்லாம் ஏறியிருக்கும். மூன்று பேர், அரை டேங்க் என்றே திட்டமிடுங்கள்.

ஏ5-இன் பயன்சுமையாக (ஆள், பை, பெட்ரோல் எல்லாம் சேர்ந்து ஏற்றக்கூடிய எடையாக) சொல்லப்பட்டது சுமார் 195 கிலோ. 76 லிட்டர் பெட்ரோல் 54 கிலோ எடுத்துக்கொள்ளும். மிச்சம் 140 கிலோவில் இரண்டு பேரும் அவர்கள் பையும். சராசரிக்குச் சற்றுக் கூடுதல் உடம்புள்ள இருவர் என்றால் பெட்ரோலைக் குறைத்தே ஆகவேண்டும். பக்கனீரில் பயன்சுமை 500 கிலோவைத் தொடுகிறது. முதன்மை டேங்க் 150 லிட்டர். நிஜத்தில் மூன்று பேரைத் தாராளமாகச் சுமக்கும். எடை விஷயத்தில் பக்கனீருக்குத்தான் என் ஓட்டு.

த்ராட்டிலும் மூக்கும்

பக்கனீரின் இன்ஜின் ஒரு கம்பத்தின் மேல், அடியுடலுக்கு மிக உயரத்தில் நிற்கிறது. ப்ரொப்பெல்லர் தண்ணீர்த் தெறிப்பில் படாது, அது நல்லது. ஆனால் தள்ளுவிசை விமானத்தின் எடைமையத்துக்கு மேலே செயல்படுகிறது. த்ராட்டிலை (இன்ஜின் சக்தியை மாற்றும் பிடியை) கூட்டினால் மூக்கு தாழும், குறைத்தால் மூக்கு எழும். சாதாரண விமானத்தில் பழகிய கைக்கு இது தலைகீழ். இன்ஜின் நின்றால் மூக்கு தானாகக் கீழே போகும் என்று காத்திருந்தால், அது மேலே போய் வேகத்தைத் தின்றுவிடும். உடனே முன்னால் தள்ள வேண்டும்.

தண்ணீரில் இறங்கும்போது இதே குணம் இன்னொரு வேஷத்தில் வரும். அடி தண்ணீரைத் தொட்ட கணத்தில் த்ராட்டிலைச் சட்டென்று மூடினால் மூக்கு தூக்கி, விமானம் மறுபடி எம்பும். வேகமும் இல்லை, சக்தியும் இல்லை. அடுத்த தொடுகை பலமாக விழும், அங்கிருந்து மூக்கு மேலும் கீழுமாக ஆடத் தொடங்கும். ஆரம்ப ஆட்டத்திலேயே கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னுக்கு இழுத்து அடக்க வேண்டும். அடங்காவிட்டால் தண்டைப் பின்னாலேயே பிடித்துக்கொண்டு சக்தியை மூடி நிறுத்துங்கள். ஆட்டத்தைத் துரத்தித் துரத்தித் திருத்தப் போனால் ஒவ்வொரு குதியும் முந்தியதைவிடப் பெரிதாகும்.

கண்ணாடி போன்ற அசைவற்ற நீர்ப்பரப்பில் உயரம் கண்ணுக்குத் தெரியாது. மூன்று விமானங்களுக்கும் வழி ஒன்றே: கொஞ்சம் சக்தி வைத்து, மூக்கை நிலையாகப் பிடித்து, நிமிடத்துக்கு 30 மீட்டர் அளவில் இறங்கிக்கொண்டே தொடுகைக்குக் காத்திருப்பது. கரைக்கு அருகில் செய்தால் பக்கவாட்டில் ஒரு அடையாளம் கிடைக்கும்.

சீபீயிலும் தள்ளுவிசை உயரத்தில்தான். இருந்தாலும் தண்ணீரில் நிதானமாக நடந்துகொள்ளும். விமானத்தைப் பின்னோக்கியும் நகர்த்தக்கூடிய அதன் ப்ரொப்பெல்லர் மற்ற இரண்டிலும் இல்லாத வசதி: கரையில் மூக்கை முட்டி நிறுத்தி, மூக்குக் கதவு வழியாக இறங்கி, திரும்ப ஏறிப் பின்னாலேயே நகர்ந்து போகலாம்.

ஏ5 இதில் வேறு தலைமுறை. முகத்துக்கு நேரே தாக்குகோணக் காட்டி (இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தைக் காட்டுவது), சுழல் வீழ்ச்சிக்கு எளிதில் போகாத இறக்கை, முழு விமானத்துக்கும் பாராசூட். இறக்கை நுனி மிதவைக்குப் பதில் அடியுடலின் இரு பக்கமும் தட்டையான மேடைகள். நுனி மிதவை அலையில் மாட்டி விமானத்தைச் சுழற்றும் தொல்லை இல்லை, அதன் மேல் நின்று கயிறும் கட்டலாம். ஆனால் இவை எதுவும் தாழப் பறக்கும் ஆசையைத் தடுக்காது. 2017 மே மாதம் கலிபோர்னியாவின் பெர்ரியெஸா ஏரியில் நடந்த மரண விபத்துக்கு, தாழ்வாகப் பறந்து செங்குத்து மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் தவறுதலாக நுழைந்ததே காரணம் என்று விசாரணை சொன்னது. உயிரிழந்த இருவரில் ஒருவர் அந்நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர்.

சக்கரம்

ஓடுபாதையில் சக்கரம் இறக்காமல் இறங்கினால் அடியுடல் உராயும், அவமானத்தோடு போகும். தண்ணீரில் சக்கரம் இறக்கி இறங்கினால் விமானம் குப்புறக் கவிழும். ஆகவே ‘சக்கரம் இறங்கிவிட்டதா’ என்ற பழைய கேள்வி இங்கே போதாது. ‘தண்ணீர், சக்கரம் மேலே’ அல்லது ‘தரை, சக்கரம் கீழே’ என்று இறங்கும் இடத்தையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்லி, கண்ணால் பார்க்க வேண்டும். விளக்கை மட்டும் நம்பாதீர்கள்.

சீபீயில் சக்கரமும் ஃப்ளாப்பும் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் மடிப்பு) கைப்பம்பினால் இயங்கும், வால்சக்கர அமைப்பு. மெதுவானது, ஆனால் கெட்டுப்போக அதில் அதிகம் இல்லை. பக்கனீரில் சக்கரம், ஃப்ளாப், மூக்குச் சமநிலை (மூக்கை விரும்பிய நிலையில் நிறுத்தும் ட்ரிம்) மூன்றும் ஒரே ஹைட்ராலிக் அழுத்தத்தை நம்பியிருக்கின்றன. ஒரு சீல் கசிந்தால் மூன்றும் சேர்ந்து படுக்கும். சக்கரத்தை இறக்க அவசரக் கைப்பம்பு உண்டு. ஏ5-இல் மின்மோட்டார்.

வைத்துப் பராமரிப்பது

சீபீயின் பலவீனம் ஃபிராங்ளின் இன்ஜின். உதிரிபாகம் கிடைப்பது அரிது, வெயில் நாளில் சூடு ஏறும். அதனால்தான் 295 குதிரைசக்தி லைகமிங், செவ்ரோலே வி8 கார் இன்ஜின், இரட்டை இன்ஜின் வைத்த ட்வின் பீ என்று மாற்றங்கள் வந்துகொண்டே இருந்தன. மாற்றப்படாத சீபீயை அழகுக்காக வாங்கலாம். பறக்க வாங்கினால் லைகமிங் போட்டதைத் தேடுங்கள்.

ஏ5-இன் ரோடாக்ஸ் இன்ஜின் கார் பெட்ரோலில் ஓடும், செலவு குறைவு. ஈயம் கலந்த விமான பெட்ரோலே பெரும்பாலும் ஊற்றினால் எண்ணெயை 25 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். கார்பன் இழை உடல் உப்பில் துருப்பிடிக்காது. அதில் பதித்த உலோகப் பொருத்துகள் பிடிக்கும். அடிபட்டால் வெளியே தெரியாமல் உள்ளே அடுக்கு விலகியிருக்கும், சரிசெய்யத் தயாரிப்பாளர் கை தேவை. அந்த நிறுவனமோ 2024 ஏப்ரலில் திவால் பாதுகாப்புக்குப் போய், பின் கைமாறியது. 2008-இல் 1,39,000 டாலர் என்று பேசிய விமானம் 2017-இல் 3,89,000 ஆகியிருந்தது. மடங்கும் இறக்கையும் டிரெய்லரும் உங்களுக்கு அவசியம் இல்லையென்றால் இந்த விலையை நியாயப்படுத்துவது கஷ்டம்.

மூன்று பேர், தூரப் பயணம், நல்ல பயிற்சியாளர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார் என்றால் பக்கனீர். பழையதை வாங்கும்போது அடியுடலின் வடிகால் மூடிகளை எல்லா அறைகளிலும் கழற்றிப் பாருங்கள். உப்புப் பொருக்கோ வெள்ளைப் பொடியோ வந்தால் தரைத்தகட்டைத் திறந்து உள்சட்டம் வரை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு விமானத்தை ஜாக்கில் ஏற்றி, சக்கரத்தைச் சில முறை மடக்கி விரித்து, எதையும் தொடாமல் விடுங்கள். யாரும் எதையும் இயக்காதபோது பம்ப் அடிக்கடி தானாக ஓடினால் எங்கோ கசிகிறது. எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.