சுங்கை சிப்புட்டிலிருந்து லண்டன்: எந்த வழி நல்லது?

பிள்ளையின் பட்டமளிப்பு, பேரப்பிள்ளை பிறப்பு என்று நம் தோட்டப்புறத்துப் பெற்றோர் பலர் இப்போது லண்டனுக்குக் கிளம்புகிறார்கள். டிக்கெட் பார்க்கும்போது பறக்கும் நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள்.

முதலில் நேர் விமானம். கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவிலிருந்து லண்டனின் ஹீத்ரோவுக்கு மிகக் குறுகிய வான்தூரம் சுமார் 10,600 கிலோமீட்டர். மலேசியா ஏர்லைன்ஸ் நிற்காமல் பறந்து ஏறக்குறைய 14 மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்றால் 12 மணி நேரம்தானே ஆகும்? ஆனால் மேற்கே போகும்போது எதிர்க்காற்று. போர் நடக்கும் இடங்களைச் சுற்றியும் போக வேண்டும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் ஒரு மணி நேரம்போல் மிச்சமாகும். இரவு ஏறி விடிகாலையில் இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கும்; லண்டன் நமக்கு 7 அல்லது 8 மணி நேரம் பின்னால் இருப்பதை அம்மா அப்பாவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

துபாய் வழியைச் சுற்றுவழி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. அங்கே 5,500, அங்கிருந்து 5,500. மொத்தம் 11,000 கிலோமீட்டர்தான். கூடுவது 400 கிலோமீட்டர். நேரத்தைத் தின்பது நடுவில் காத்திருப்பதுதான்: மூன்று நான்கு மணி நேரம், மறுபடி பாதுகாப்புச் சோதனை, நீண்ட நடை. ஆனாலும் 14 மணி நேரம் ஒரே இருக்கையில் உட்கார்ந்தால் சிலருக்குக் காலணிக்குள் நுழையாத அளவுக்குக் கால் வீங்கிவிடுகிறது. அவர்களுக்கு ஏழு ஏழு மணி நேரமாகப் பிரிந்த பயணம் பெரிய ஆறுதல்.

அப்புறம் பினாங்கு. நம்மூரிலிருந்து கேஎல்ஐஏ ஏறக்குறைய 280 கிலோமீட்டர். பத்து கவான் பாலம் வழியாகப் பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸ் போனால் அதில் பாதிதான். ஆனால் அங்கிருந்து முதலில் தெற்கே 600 கிலோமீட்டர் சிங்கப்பூர் போய், பிறகு லண்டனுக்கு 10,900 கிலோமீட்டர். வானத்தில் 900 கிலோமீட்டர் கூடுகிறது. சாலையில் இரண்டு மணி நேரம் மிச்சம். சிங்கப்பூரில் காத்திருப்பு குறைவாக அமைந்தால் நேர் விமானத்தைவிட ஒன்றிரண்டு மணி நேரம்தான் அதிகமாகும். ஒரே டிக்கெட்டாக எடுத்தால் மட்டும். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், அடுத்ததற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

என் முடிவு இது: முதல்முறை போகும் வயதானவர்களுக்கு நேர் விமானம்தான். ஆங்கிலம் தடுமாறுகிறவரை அந்நிய விமான நிலையத்தில் வாசல் எண் தேட விடக் கூடாது. கேஎல்ஐஏவுக்கும் ரயிலில் போகாமல் காரில் போங்கள். ரயில் சுங்கை சிப்புட்டிலேயே நிற்கும், ஆனால் கேஎல் சென்ட்ரலில் இறங்கி, கனத்த பெட்டிகளோடு விமான நிலைய ரயிலுக்கு மாற வேண்டும்.