உறைந்த இறால், உருகிய எடை

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மும்பைக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. செம்பூரில் எங்கள் வீட்டுக்கு அப்போது ஃப்ரீசர் இறால்தான் கதி. இந்த முறை வாங்கியது தோல் உரித்து, குடல் நீக்கிய வன்னாமி என்ற பண்ணை இறால், 500 கிராம் பாக்கெட். குறை சொல்லப்போவதால் பெயர் வேண்டாம்.

பின்பக்கம் பொடி எழுத்தில் இறால், தண்ணீர், உப்பு, 451, 223 என்று இருந்தது. மூன்றாம் மாடி மதினியிடம் காட்டினேன். "நம்பர் போட்டதெல்லாம் விஷம்லா, தூரப் போடு" என்றார்கள்.

அப்படி ஒரே போடாகப் போட முடியாது. 223 என்பது சோடியம் மெட்டாபைசல்பைட். இறால் செத்தபின் அதன் உடம்பிலுள்ள நொதி ஒன்று தலையையும் ஓட்டையும் கறுக்க வைக்கும். அதைத் தடுக்கத்தான் இது. அந்தக் கறுப்பை மட்டும் வைத்து இறால் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது, மோந்து பார்க்க வேண்டும். ஆனால் தலை லேசாகக் கறுத்திருந்தாலே நாம் அடுத்த கூடைக்குப் போய்விடுகிறோம். வியாபாரி மருந்துத் தண்ணீரில் முக்காமல் என்ன செய்வார்? கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் கணக்கில் பச்சை இறாலுக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரை சல்பைட் இருக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு மட்டும் அது மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும். அத்தைக்கு வீசிங் உண்டு, அவர்களுக்கு இதைப் பரிமாற மாட்டேன்.

என் சண்டை 451-ஓடுதான். ட்ரைபாலிபாஸ்பேட். உறைந்து உருகும்போது சதையிலுள்ள நீர் வடிந்துவிடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. அளவாகச் சேர்த்தால் இறால் மெத்தென்று இருக்கும். நெடுநேரம் ஊறவிட்டால் வெளித் தண்ணீரையும் குடித்து எடை ஏறும். இதில் எது நடந்தது என்று வாணலியே சொல்லிவிட்டது. தொக்குக்கு வெங்காயம் தக்காளி சுருள வதக்கி, எண்ணெய் பிரிந்த பிறகு இறாலைப் போட்டேன். போட்ட கொஞ்ச நேரத்தில் வாணலி குளம். அதை வற்றவைத்து முடிப்பதற்குள் ஒவ்வொன்றும் பாதியாகச் சுருண்டு, கடித்தால் சவ்வு மாதிரி இழுத்தது. மசாலாவும் உள்ளே ஏறவில்லை. இறால் விலைக்குத் தண்ணீர் வாங்கியிருக்கிறேன், வேறென்ன?

அதற்காக மதினி சொல்வதுபோல் கூடை மீன் என்றால் சுத்தம் என்றும் நம்பிவிட மாட்டேன். மீன் கெடாமலிருக்கச் சிலர் போடும் ஃபார்மலின் என்ற ரசாயனத்தை மீனில் சேர்க்க அனுமதியே கிடையாது. சேர்க்கிறவர் அதை எழுதி ஒட்டியா விற்பார்? பாக்கெட்டிலாவது, கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்பைட் இருந்தால் அச்சிட்டே ஆக வேண்டும் என்று நம் உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. மார்க்கெட்டில் ஐஸில் என்ன கலந்தார்கள் என்று மதினி கேட்டு நான் பார்த்ததே இல்லை.

5-க்கு 2 கொடுக்கிறேன், அதுவும் எண்களை மறைக்காமல் போட்டதற்கு. கட்டாயம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் தொக்குக்கு வேண்டாம். முதலில் தனியாக உப்பு மஞ்சள் போட்டுத் தண்ணீரை வடித்துவிட்டு, பிரியாணிக்கோ வடைக்கோ போடுங்கள். அடுத்த முறை 451 இல்லாத, ஓட்டோடு உறையவைத்த பாக்கெட்டாகத் தேடப்போகிறேன். உரிக்கிற வேலை கூடும், பரவாயில்லை.