செலவைச் சொல்லிவிட்டுச் சிகிச்சை தொடங்கும் குதிரை மருத்துவச் சேவை

குதிரைக்கு வரும் மருத்துவச் செலவு சொல்லிக்கொண்டு வருவதில்லை. நள்ளிரவில் அப்படி வந்து சேர்ந்த ஒரு செலவை நாங்கள் கடன்படாமல் சமாளித்ததற்கு, மலேசியாவின் ஈப்போ நகரிலிருந்து சுங்கை சிப்புட் வரை வந்து பார்க்கும் இந்தக் கால்நடை மருத்துவச் சேவையே காரணம். இங்கே குதிரை வளர்ப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் பவளம் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற பெண் குதிரை. ஈப்போ பந்தயத் திடலில் குதிரைகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்த அப்பா, அதைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு வளர்த்தார். அவருக்குப் பிறகு அது என் பொறுப்பு. கல்யாண ஊர்வலங்களில் கிடைக்கும் வாடகை அதன் தீனிக்குச் சரியாகப் போய்விடும்.

அன்றிரவு பவளம் புல்லைத் தொடவில்லை. முன்னங்காலால் தரையைக் கிளறியது. திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தது. படுத்துப் புரளவும் முயன்றது. கோலிக் எனப்படும் வயிற்றுவலியின் அடையாளங்கள் இவை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், குடல் அடைபட்டால் வாயுவும் நீரும் வெளியேற வழியின்றித் தேங்கி, இரைப்பை கிழியும் அளவுக்குக்கூட அழுத்தம் கூடலாம். தொலைபேசியை எடுத்த மருத்துவர், உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்க்கவும், தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடியை எண்ணவும் சொன்னார். ஓய்வில் நிற்கும் குதிரைக்கு நிமிடத்திற்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டிய துடிப்பு, 60-ஐத் தாண்டியிருந்தது. தீனியை எடுத்துவிடும்படியும், வீட்டில் இருக்கும் எந்த மருந்தையும் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு உடனே புறப்பட்டார்.

வந்ததும் ஸ்டெதஸ்கோப்பை இரு விலாக்களிலும் வைத்துக் குடலின் சத்தத்தைக் கேட்டார். மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் செலுத்தி, நீர் தேங்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு தோள்வரை நீளும் கையுறையை மாட்டி, மலக்குடல் வழியாகத் தடவிப் பார்த்து, பெருங்குடலில் லத்தி இறுகியிருப்பதாகச் சொன்னார். வலிக்குப் புளூனிக்சின் ஊசி போட்டு, குழாய் வழியாகப் பாரஃபின் எண்ணெயும் தண்ணீரும் இறக்கினார்.

இவற்றில் ஒவ்வொன்றுக்கும் முன்னால், "அக்கா, இதற்கு இவ்வளவு ஆகும், செய்யலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் கைவைத்தார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். குடல் முறுக்கிக்கொண்டிருந்தால் அறுவைச் சிகிச்சைதான் வழி. அதற்கு 200 கிலோமீட்டருக்கு அப்பால், செர்டாங்கிலுள்ள மலேசிய புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைவரை கொண்டுசெல்ல வேண்டியிருக்கும். செலவு பல ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஆகும். இந்த வயதில் பிழைக்கும் என்ற உறுதியும் இல்லை. பவளம் சற்று அமைதியானதும் இத்தனையையும் மறைக்காமல் விளக்கி, எதுவரை போவது என்பதை வீட்டில் இப்போதே பேசி வைத்துக்கொள்ளச் சொன்னார். அம்மா அழுதுவிட்டார். ஆனாலும் அந்தப் பேச்சை நல்ல மருத்துவர் ஒருவர் தவிர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நல்ல வேளையாக, விடிவதற்குள் பவளம் லத்தி போட்டுவிட்டது.

2025-இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. மறுநாள் அவர் வந்து பார்த்ததையும் சேர்த்தால் எங்கள் பில் அதைத் தாண்டிவிட்டது. எனினும் ஊசி, குழாய், எண்ணெய், பயணம் என்று எல்லாம் தனித்தனியாக எழுதப்பட்டிருந்ததால், எதற்காகக் கொடுக்கிறோம் என்ற தெளிவு இருந்தது. ஒரு பகுதியை அன்றே கட்டினோம்; மீதியை வட்டியில்லாத் தவணைகளாகப் பிரித்து எழுதிக் கொடுத்தார்கள். அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகவில்லை.

குறை ஒன்று உண்டு. இரவு நேரத்துக்கென்று தனிக் கட்டணம் இருப்பதைத் தொலைபேசியில் சொல்லாமல், ரசீதில்தான் காட்டினார்கள். அந்த நேரத்தில் அவ்வளவு தூரம் வருபவருக்கு அது நியாயமான கூலியே; மற்ற எல்லாவற்றையும் முன்கூட்டிச் சொன்னவர்கள் இதையும் சொல்லியிருக்க வேண்டும்.

அடைப்புக்குக் காரணம் பல்லாக இருக்கலாம் என்று மருத்துவர் கருதினார். குதிரையின் பல் முதுமைவரை மேலெழுந்துகொண்டே இருப்பதால், ஓரங்கள் கூராகி, நேப்பியர் புல்லின் தடித்த தண்டைச் சரியாக மெல்ல முடியாமல் போகிறது. பிறகு வந்து பல்லை அராவிவிட்டார். அதற்கான கட்டணம் அந்த இரவுச் செலவில் சிறு பங்குதான். ஒரே பயணத்தில் பல குதிரைகளைப் பார்ப்பதானால் பயணக் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்றும் சொன்னார். சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் சேர்ந்து நாள் குறித்தால், பல் பார்க்கும் செலவு எல்லோருக்கும் குறையும்.