யூவி லூருக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

‘யூவி’ (புறஊதா) என்று அட்டையில் போட்ட லூரை, அதாவது தூண்டிலில் மாட்டும் செயற்கை இரையைக் கேட்டால், கடைக்காரர் ஊதா டார்ச் அடித்துக் காட்டுவார். பச்சையாகப் பளிச்சென்று மின்னும். ஆனால் அந்தப் பச்சை நம் கண்ணுக்கே தெரிகிறது என்றால் அது புறஊதா அல்ல. சாயம் புறஊதாவை விழுங்கி, தெரியும் நிறமாக உமிழ்கிறது. இதுதான் ஃபுளோரசன்ட் சாயம். சலவைத்தூளில் துணியை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் பொருளும் இதே வேலையைத்தான் செய்கிறது. புறஊதாவை அப்படியே திருப்பி அனுப்பும் பூச்சு வேறு. டார்ச் அடித்தாலும் அது மின்னாது. கடையில் டார்ச்சுக்கு மின்னுகிறவை எல்லாம் முதல் வகைதான்.

டார்ச் வாங்குவதானால் 365 நானோமீட்டர் அலைநீளம் உள்ளதை வாங்குங்கள். 395 மலிவு, ஆனால் அதன் சொந்த ஊதா வெளிச்சமே எல்லாவற்றின் மேலும் படிந்து, சாதா லூரையும் மின்னுவது போலக் காட்டும்.

மீனுக்குப் புறஊதா தெரியுமா என்றால், இனத்தையும் வயதையும் பொறுத்தது. ரெயின்போ டிரவுட் சிறு வயதில் பார்க்கும். வளர வளர அந்தப் பார்வை மங்கிப்போகும். பவளப்பாறைச் சிறு மீன்கள் சிலவற்றுக்குத் தெரியும். வேறு பல இனங்களில் கண்வில்லையே அதைத் தடுத்துவிடுகிறது. ஃபுளோரசன்ட் லூருக்கு இந்தக் கவலை இல்லை, அது உமிழ்வது புறஊதா தெரியாத மீனும் பார்க்கக்கூடிய வெளிச்சம்.

பெரிய வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது. பழவேற்காடு, முட்டுக்காடு மாதிரி உப்பங்கழியில் மழைவெள்ளம் இறங்கித் தண்ணீர் டீ நிறமானால், புறஊதா ஒரு மீட்டருக்குள்ளேயே அடங்கிவிடும். அங்கே கொடுவாவுக்கு யூவி லூர் என்று தனியாகச் செலவழிப்பது வீண். மெதுவாக இழுத்தாலும் அதிரும் லூர், கறுப்பு அல்லது அடர்நிறம், இவை போதும். மஞ்சள்பச்சை ஃபுளோரசன்ட் அங்கேயும் எடுப்பாகத் தெரியும். அதை நீல ஒளியும் தூண்டுகிறது, அந்தப் பெருமை புறஊதாவுக்குச் சேராது.

ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் தெளிந்த நாளில் 15 முதல் 30 மீட்டர் ஆழத்தில் ஜிக் (மேலும் கீழும் ஆட்டும் கனமான உலோக லூர்) ஆட்டும்போது கதை மாறும். சாதா சிவப்பு முதல் சில மீட்டரிலேயே கறுத்துப்போகும். ஃபுளோரசன்ட் ஆரஞ்சு அங்கும் ஆரஞ்சாகவே நிற்கும். விடியலிலும் அந்தியிலும் வானத்து நீலம் மேலோங்குவதால் இன்னும் எடுப்பு. கூடுதல் காசு கொடுக்கத் தகுந்த இடம் இதுதான்.

சோதித்துப் பார்க்க, ஒரே வடிவில் 40 கிராம் ஜிக் இரண்டு (ஒன்று ஃபுளோரசன்ட், ஒன்று சாதா), ஒரே அளவு முள், ஒரே லீடர் (லூரைக் கட்டும் நுனி நரம்பு). 15 வீச்சுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கரையேறிய மீனை அல்ல, விழுந்த கொத்தை (மீன் வந்து கடித்த தடவைகளை) எண்ணுங்கள். பல நாள் கணக்கு வேண்டும். பாறை மீன் கூட்டம் வெறியோடு வந்துவிட்டால் சமையல் கரண்டியைக் கட்டிப் போட்டாலும் கடிக்கும்.

நாள்பட்டால் சாயம்தான் முதலில் சாகும். படகுத் தட்டில் வெயிலில் கிடக்கும் லூரில், மற்ற பெயின்ட் நன்றாக இருக்கும்போதே மின்னல் போய்விடும். மூடிய பெட்டியில் வையுங்கள். சீலா பல் பட்டுக் கீறியதை மறைக்க வார்னிஷ் அடிப்பவர்கள் கவனிக்க: வெளிப்புற வேலைக்கான வார்னிஷில் புறஊதாத் தடுப்பு கலந்திருக்கும், அடித்த கையோடு மின்னல் மங்கும். முன்னும் பின்னும் டார்ச் அடித்துப் பாருங்கள். மென்ரப்பர் லூர்களை நிறம் பிரித்து வைக்காவிட்டால் ஒன்றின் சாயம் மற்றதில் ஏறும்.

நிஜமாகவே புறஊதாவைத் திருப்பி அனுப்பும் லூர் வேண்டுமா? பளபளப்பான வெற்று அலுமினியமே அதை நன்றாகச் செய்கிறது. வெள்ளை பெயின்ட்தான் ஏமாற்றும்: அதிலுள்ள டைட்டானியம் டையாக்சைடு புறஊதாவை விழுங்குவதால், அதைப் பார்க்கும் மீனுக்கு நம் வெள்ளை லூர் அந்த ஒளியில் இருட்டாகத் தெரியும்.

இருட்டில் ஒளிரும் ‘குளோ’ லூர் இன்னொரு சரக்கு. அதற்கு வெளிச்சம் காட்டி ஏற்ற வேண்டும். துத்தநாக சல்ஃபைடு பூச்சு சீக்கிரம் அணையும், ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் மணிக்கணக்கில் நிற்கும்.

மலிவு யூவி லூர் வாங்கினால் அதோடு வரும் டிரெபிள் முள்ளையும் (மூன்று கொக்கி முள்) அதை லூரில் மாட்டும் ஸ்பிளிட் ரிங்கையும் முதல் நாளே கழற்றி மாற்றிவிடுங்கள். பெரிய பாறை மீன் ஒன்று இழுத்தால் வளைவது அவைதான்.