6,500 டாலர் போச்சு! "உங்க அப்பா ஓட்டின காரே என்கிட்டதான் இருக்கு" என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள்

கோபத்தில் எழுதுகிறேன், கோவையாக இருக்காது. போன செவ்வாய்க்கிழமை, முன்பின் பார்த்திராத ஒருவன் கணக்குக்கு 6,500 டாலரை நானே வங்கிக்குப் போய், வரிசையில் நின்று, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஆறாயிரத்து ஐநூறு. யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. பழைய கார் வாங்குகிறவர்கள், அதிலும் அப்பாவோ மாமாவோ வைத்திருந்த காரைத் தேடுகிறவர்கள், இதைக் கடைசிவரை படியுங்கள். ஏமாறாமல் இருக்க என்னென்ன செய்யணும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கார், 1970 பிளிமத் ரோட் ரன்னர். 383 கன அங்குல வி8 எஞ்சின், கம்பெனிக் கணக்கில் 335 குதிரைசக்தி, நாலு கியர், பழுத்த மிளகாய் நிறம். கார்ட்டூன் பறவையின் பெயரை வைத்துக்கொள்ள வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தார்கள். ஹார்ன்கூட அந்தப் பறவை மாதிரியே 'பீப் பீப்' என்றுதான் கத்தும். அந்த ஹார்னை நினைவில் வையுங்கள், என் பணம் போனதில் அதற்கும் பங்கு உண்டு.

அப்பா 1971-ல் கோயம்புத்தூரிலிருந்து டெட்ராய்ட்டுக்குப் படிக்க வந்தவர். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் இங்கே பெட்ரோல் பங்கெல்லாம் வரிசை. பெரிய எஞ்சின் வைத்திருந்தவர்கள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஊரே சின்னக் காருக்கு மாறும்போது இவர் மட்டும் பெட்ரோல் குடிக்கிற ராட்சசனை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மைலன் டிராக்வே. (இத்தாலியில் இருப்பது மிலான், மிச்சிகன்காரர்களுக்கு இது மைலன்.) கால் மைல், அதாவது 1,320 அடி நேர்ப்பாதை. இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், நடுவில் கம்பத்தில் விளக்குகள் மேலிருந்து கீழாக எரியும், பச்சை வந்தால் பாய வேண்டியதுதான். அப்பா ஓடியது பிராக்கெட் பந்தயம். என் வண்டி இத்தனை வினாடியில் ஓடும் என்று அவரவரே கண்ணாடியில் எழுதிவிட வேண்டும். மெதுவான வண்டி முதலில் கிளம்பும், வேகமான வண்டி வித்தியாசத்துக்குக் காத்திருக்கும். எழுதியதைவிட வேகமாக ஓடினாலும் தோற்றுப்போவோம். "சொன்ன சொல்லைக் காப்பாத்தறவன் ஜெயிக்கற ஒரே பந்தயம்டா இது" என்பார்.

எழுதுவது வெள்ளை ஷூ பாலிஷில். அப்பா முதலில் ஒரு பிள்ளையார் சுழி போட்டுவிட்டு, அதற்குக் கீழே 14.62 என்று எழுதுவார். முதல் தடவை அம்மா முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டாள். பந்தய ஆள் ஓடிவந்து, தடத்தில் ஏன் பழம் கிடக்கிறது என்று கேட்டு அப்பாவை வாங்கு வாங்கு என்று வாங்கினானாம்.

எனக்கு அப்போது ஐந்தாறு வயது. கராஜில் டார்ச் பிடிப்பது என் வேலை. எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற பாயின்ட்ஸின் இடைவெளி வைக்க, அதை அளக்கிற ஃபீலர் கேஜ் அகப்படாவிட்டால் தீப்பெட்டி அட்டையைக் கிழித்துச் சொருகிப் பார்ப்பார். வாய்ப்பாடு படிக்கும் முன்பே எஞ்சினின் ஃபயரிங் ஆர்டரை, அதாவது எட்டு சிலிண்டரும் எரிகிற வரிசையை, சொல்லிக்கொடுத்துவிட்டார்: ஒண்ணு, எட்டு, நாலு, மூணு, ஆறு, அஞ்சு, ஏழு, ரெண்டு. பள்ளிக்கூடத்தில் ஒன்றிலிருந்து எட்டுவரை எண்ணச் சொன்னபோது நான் இப்படி எண்ணி டீச்சர் வீட்டுக்குப் போன் போட்டது தனிக்கதை.

1980-ல் அவருக்கு வேலை போனது. கிரைஸ்லர் கம்பெனியே அரசாங்க உத்தரவாதத்தில் கடன் வாங்கி மூச்சுவிட்ட வருஷம் அது. கார் போயிற்று. யார் வாங்கினார் என்று அப்பா கடைசிவரை சொல்லவில்லை. போன வருஷம் அவரும் போய்விட்டார்.

வருஷ திதிக்குள் அந்தக் காரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எனக்கு ஒரு கிறுக்கு. பழைய கார்ப் பிரியர்கள் கூடுகிற ஒரு பெரிய சமூக வலைக்குழுவில் பதிவு போட்டேன். அப்பா பானட்டில் சாய்ந்து நிற்கும் படம், கண்ணாடியில் பிள்ளையார் சுழியும் 14.62-ம். கூடவே பழைய இன்சூரன்ஸ் அட்டையிலிருந்து காரின் அடையாள எண் முழுவதையும் தட்டிவிட்டேன். முழுவதையும்! இன்றைக்கு நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மூன்றாவது வாரம் உள்பெட்டியில் ஒருவன். ஒஹாயோவில் ஒரு கிழவரின் கொட்டகையில் கிடந்ததை வாங்கினானாம், என் பதிவைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டதாம். எஞ்சின் அறைக்குள் இடதுபக்க ஃபெண்டரில், காரின் விவரங்களைக் குறியீடாகக் கம்பெனி அடித்திருக்கும் தகட்டைப் படம் எடுத்து அனுப்பினான். E63, D21, EV2. அதாவது 383 எஞ்சின், நாலு கியர், அந்த மிளகாய் நிறம். அடியில் எங்கள் எண். எனக்குத் தொண்டை அடைத்தது.

அதோடு விட்டானா? "டேஷ்போர்டுக்கு அடியில் ஏதோ வளைந்த கீறல் இருக்கிறது, உங்கள் மொழியா?" என்று இன்னொரு படம். இரும்பில் ஆணியால் கீறிய 'உ'. அப்பா கீறியிருக்கிறார், எங்களுக்கெல்லாம் தெரியாமல் கீறியிருக்கிறார் என்று நான் நடுராத்திரியில் உட்கார்ந்து அழுதேன். இப்போது பெரிதாக்கிப் பார்க்கிறேன். அது உ இல்லை. வாலை நீட்டிய 2. தமிழ் தெரியாத ஒருவன் என் படத்தைப் பார்த்து வரைந்த 2. அன்றைக்கு எனக்கு அதில் பிள்ளையார் தெரிந்தார்.

மறுநாள் போனில் ஹார்னை அடித்துக் காட்டினான். பீப் பீப். ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா அரிவாள்மனையை வைத்துவிட்டு வந்து நின்று, "அதேதான்டா கண்ணா" என்றாள். எல்லா ரோட் ரன்னருக்கும் அதே ஹார்ன்தான், ஏன், பொம்மைக்குக்கூட அதே ஹார்ன்தான். அது எனக்குத் தெரியாதா? தெரியும். அம்மா முகத்தைப் பார்த்தபின் எதுவும் தெரியவில்லை.

விலை 32,000 என்றான். வேறொருவர் 38,000 தரத் தயாராம், ஆனாலும் "கார் அதோட வீட்டுக்குத்தான் போகணும்" என்று வசனம் பேசினான். முன்பணம் 6,500. வங்கியில் கவுன்ட்டர் பெண், "இவரை உங்களுக்கு நேரில் தெரியுமா?" என்று கேட்டாள். குடும்ப நண்பர் என்று சொன்னேன். இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை, லாரியில் ஏற்ற இன்சூரன்ஸ் என்று இன்னும் 1,800 கேட்டான். அப்போதுதான் கொஞ்சம் உறைத்தது. ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தில் அச்சடித்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பு என்றேன். மழையாம். அப்புறம் போன் கேமரா உடைந்துவிட்டதாம். அன்று ராத்திரி அம்மாவின் பெட்டியைத் திறந்து இன்சூரன்ஸ் அட்டையை எடுத்தேன். எண்ணின் கடைசி இலக்கம் 7. நான் பதிவில் அவசரத்தில் தட்டியிருந்தது 1. அவன் அனுப்பிய தகட்டிலும் 1.

1970-ல் டெட்ராய்ட் தொழிற்சாலையில் அடித்த தகட்டில் என் தட்டச்சுப் பிழை!

இந்தத் தகடுகளைப் புதிதாக அடித்துத் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள், காரைப் புதுப்பிக்கிறவர்களுக்காக. கேட்ட எண்ணைப் போட்டுக் கொடுப்பார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் எரிகிறது. குழு நடத்துகிறவர், "உள்பெட்டியில் நடப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று சொல்லி, எச்சரிக்கை என்று நான் போட்ட பதிவையும் எடுத்துவிட்டார், சூழல் கெடுகிறதாம். வலைத்தளத்தில் புகார் கொடுத்தால், பணம் எங்கள் வழியாகப் போகவில்லை என்று இயந்திரப் பதில். வங்கியில் மூன்று முறை ஆள் மாற்றி, "நீங்களே அனுமதித்த பரிமாற்றம்" என்று முடித்தார்கள். 6,500 டாலர் என்றேன், "புரிகிறது சார்" என்றார்கள். என்ன புரிகிறதோ. காவல் நிலையத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள், அதில் ஒரு எண். அவ்வளவுதான்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை, தலை வலிக்கிறது. அடையாள எண்ணை முழுதாகப் பொதுவில் போடாதீர்கள். ஒரே ஒரு விவரத்தையாவது உங்களோடு வைத்துக்கொண்டு அதை அவனைச் சொல்லவிடுங்கள். காரை நேரில் தொடாமல் வங்கி வழியாகப் பணம் அனுப்பாதீர்கள், போக முடியாவிட்டால் அந்த ஊரில் ஒரு மெக்கானிக்குக் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, அந்தக் காலத்து கிரைஸ்லர் வண்டிகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் தலைகீழ் மரை, வழக்கமாகக் கழற்றுகிற பக்கம் திருப்பினால் இறுகும். சக்கரத்தை ஒருமுறையாவது கழற்றியவனுக்கு அது தெரியும். நான் கேட்டிருக்கலாம். அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த இரண்டாவது பாடம் அது.

அப்புறம், குழுவில் நான் போட்ட எச்சரிக்கைப் பதிவைப் பார்த்துவிட்டு "400 டாலர் கட்டினால் உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று நேற்றிலிருந்து உள்பெட்டிக்கு வருகிற நாலு பேருக்கு: உங்கள் எல்லோருடைய எண்ணையும் அந்தக் காவல் நிலையத் தாளோடு சேர்த்து வைத்திருக்கிறேன். இன்னொரு முறை எழுதினால் முழுதாக இங்கேயே போடுவேன், இந்தத் தடவை பிழையில்லாமல்.